வாட்சுக்குள் ஒரு பச்சைப் பொட்டு

போன வாரம் கூரியரில் வந்த பார்சலைப் பிரித்ததுமே குப்பென்று பெயின்ட் வாசனை. விற்றவன் ஆன்லைனில் போட்டிருந்த படத்தில் அது சாவி கொடுக்கும் பழைய வாட்ச்; என் அப்பா காலத்துச் சரக்கு, ஆனால் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும். டயலைச் சுரண்டிப் புதிதாக எழுத்து அடித்து என் தலையில் கட்டிவிட்டான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "மறுபடியும் ஏமாந்துகினீங்களா?" என்றாள். இல்லையென்றேன். அவள் நம்பவில்லை. எதையும் நம்பாமல் இருப்பதை என்னிடம்தான் கற்றுக்கொண்டாள்.

உங்களுக்கு இந்தக் கிறுக்கு இல்லையென்றால் கொடுத்துவைத்தவர். வாட்ச் சேர்ப்பவனுக்குக் காலையில் சாவி கொடுக்கும்போது விரல் நுனியில் ஒரு சுகம் உண்டு. காதில் வைத்துக் கேட்டால் இன்னும் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் சந்தேகம்தான். முள் அசலா, உள்ளே இருக்கும் மெஷின் அசலா? தெரிந்துகொள்ளப் பின்மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் தூசியும் நம்ம ஊர்ப் புழுக்கமும் உள்ளே புகுந்து வாட்சைக் கெடுக்கும். திறக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்தப் பெயின்ட் வாசனை என்னைப் பழைய பாசஞ்சர் ரயிலில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. அப்போது திண்டிவனத்தில் விதைக் கிடங்கில் வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயில். பெட்டியில் எல்லோரும் சீட்டாடுவார்கள், நான் அவர்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஒருநாள் பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் எதிரில் இருந்தவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். "முள்ளு மாத்திகிறான் சார். யார்கிட்ட வாங்கினீங்க?" அவர்தான் சவரிராஜ், பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு வந்த கோபத்தில் அவர் வாட்சைக் கழற்றச் சொல்லி நானும் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். அப்படித்தான் சிநேகிதரானோம்.

என்னிடம் கறுப்பு டயல் பட்டாளத்து வாட்ச் ஒன்று இருந்தது. கெடார் கிராமத்தில் ஒரு மிலிட்டரிக்காரர் வீட்டில், அவர் காலமான பிறகு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைக்குப் பின்னால் கிடந்தது; அவர் மகனிடம் நடையாய் நடந்து வாங்கினேன். சவரிராஜிடம் அவர் அப்பாவின் வாட்ச். பாண்டிச்சேரியில் அவர் அப்பா வேலை பார்த்த வீட்டுப் பிரெஞ்சுக்காரர் கப்பலேறும்போது கழற்றிக் கொடுத்தது. என்னுடையதை அவரும் அவருடையதை நானும் சனி ஞாயிறு கட்டிப் பார்ப்பது, திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் திருப்பிக்கொள்வது என்று பேச்சு.

நம்பிக்கைதான். இருந்தாலும், மூடியை விட்டுவிட்டு உள்ளே மெஷினை மட்டும் மாற்றிவிட்டால்? அவருக்கு என் வாட்ச்மேல் ஆசை இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவருடையதன்மேல் எனக்கும் அதே ஆசை. முதல் தடவை கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து, மனைவியின் நெயில் பாலிஷை ஊசி முனையில் தொட்டு, மெஷின் ஓரத்தில் அடையாளத்துக்குச் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு மெஷின் அசல்தானா என்று அவருடையதைத் திறந்தேன். அசல்தான். அதன் ஓரத்தில், கடுகைவிடச் சின்னதாக, பச்சையில் ஒரு பொட்டு! முகர்ந்து பார்த்தேன். அவர் சைக்கிளுக்கு அடித்திருந்த அதே பச்சை பெயின்ட்; வாசனைகூடப் போகவில்லை. என்னைத் திருடனென்று நினைத்திருக்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. என் சிவப்புப் பொட்டு அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

கேட்கவும் முடியாது. கேட்டால் நான் திறந்தது தெரிந்துவிடும். திங்கட்கிழமை முகம் பார்க்காமல் வாட்சுகளை மாற்றிக்கொண்டோம். முண்டியம்பாக்கம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "செவப்பு நல்லா எடுப்பா கீது சார்."

"பச்சைக்கு மட்டும் என்ன கொறைச்சல்?" என்றேன்.

சீட்டாடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திப் பார்க்கும்படி சிரித்தோம். அதற்காகப் பொட்டை யாரும் அழித்துவிடவில்லை. வாட்சுகள் கைமாறும்போதெல்லாம் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து, எதிரெதிரே திறந்து காட்டிவிட்டு மூடுவோம். "செக் பண்ணிக்கோங்க சார், பின்னால பேஜாரு வேணாம்" என்பார். அவரைப்போல என்னை நம்பாத மனிதரும் இல்லை, அவரைப்போல எனக்குப் பிடித்த மனிதரும் இல்லை.

ரிட்டையரான பிறகு சவரிராஜ் தன் மனைவியின் ஊரான திண்டிவனத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். போன வருஷம் இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தபோது அவர் மனைவி அந்தப் பிரெஞ்சு வாட்சைக் கொண்டுவந்து, "இத்த உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டாரு" என்றார். வீட்டுக்கு வந்ததும் திறந்தேன்.

பச்சைப் பொட்டைக் காணோம்.

என் புத்தி எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினை மாற்றிவிட்டார்கள்! ரிப்பேர்க்காரன், மருமகன், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் என்று ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டேன். மனசு கேட்காமல் போன் போட்டு, வாட்சை யாராவது திறந்தார்களா என்று அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"வேற யாரு தொடுவாங்க? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொதநாளு அவருதான் தெறந்து வச்சிக்கினு, தீக்குச்சியால என்னத்தையோ சொரண்டிக்கினு இருந்தாரு. என்னங்கன்னு கேட்டேன். 'இனிமே இது திரும்பி வரப் போறதில்ல, அடையாளம் எதுக்கு'ன்னாரு."

லென்சை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் பார்க்க முடியாமல் அழுதேன்.

கறுப்பு டயல் வாட்சில் என் சிவப்புப் பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை திறந்து காட்டத்தான் ஆளில்லை.