அக்கா ஓடாத மூவாயிரம் மீட்டர்

ஓடிவிட்டு வந்தால் அக்கா கட்டிலில் மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சுவரின் மேல் ஏற்றி வைத்துக்கொள்வாள். மஸ்கட்டின் ரூவி பகுதியில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டின் வெளிர்நீலச் சுவரில் அவள் குதிகால் படும் இடம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. அம்மா ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தாலும் அது போகவில்லை. அப்படி அவள் படுத்திருந்த ஒரு மாலையில், தரையில் உட்கார்ந்து, நான் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வளைகுடா நாடுகளின் இந்தியப் பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டி அடுத்த வாரம் எங்கள் பள்ளியின் பொறுப்பில் நடக்கவிருந்தது. அதன் விழா மலருக்கு, பெண்கள் மூவாயிரம் மீட்டர் இறுதி ஓட்டத்தில் யார் யார் ஓடுகிறார்கள், யாருக்கு வாய்ப்பு என்று முன்னோட்டம் எழுதும் வேலையை ஆங்கில ஆசிரியை எனக்குக் கொடுத்திருந்தார். நான் ஒன்பதாம் வகுப்பு, அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு ஓட வராது, பார்க்க வரும். போன மாதம் எங்கள் ஊரிலேயே நடந்த தகுதிச் சுற்றுகளின்போது அரங்கத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் கண்கொட்டாமல் பார்த்திருந்தேன்.

அது மூடிய அரங்கம். வெயிலுக்குப் பயந்து மட்டும் அங்கே வைக்கவில்லை. அந்தக் காலத்தில் சவூதியிலிருந்து பெண்கள் வந்து ஓட வேண்டுமென்றால் நாலு சுவரும் கூரையும் வேண்டும், பார்ப்பவர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும். அப்பாக்களெல்லாம் வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். உள்ளே தடம் சிறியது, வளைவுகள் நெருக்கமானவை. நீளமான கால் இருந்தால் மட்டும் அங்கே போதாது. வளைவில் உடம்பைச் சாய்க்கத் தெரிய வேண்டும், முன்னால் ஓடுகிறவளின் குதிகாலில் இடறாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

நான் நாலு பேரைப் பற்றி எழுதியிருந்தேன். ஷார்ஜாவிலிருந்து வந்த உயரமான பெண் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பாய்ந்துவிடுவாள். பாதி தூரத்துக்கு மேல் அவளுடைய தோள் இறுகிவிடும். ராஸ் அல் கைமாப் பெண்ணின் அப்பா சிமென்ட் ஆலையில் சூப்பர்வைசர். கல்குவாரிக்குப் போகும் மேட்டுச் சாலையில் விடியலில் ஓடிப் பழகியவள் அவள். மூச்சு வாங்கவே மாட்டாள், ஆனால் வேகத்தை மாற்றவும் அவளுக்குத் தெரியாது. தம்மாமிலிருந்து வந்தவள் கடற்கரை ஊர் முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவள் அப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். பள்ளி மதில் சுவருக்குள் கூடைப்பந்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியே வளர்ந்தவளாதலால், வளைவுகள் அவளுக்குக் கைவந்த கலை. யாராவது ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்து கடைசிச் சுற்று மணி அடித்ததும் தாண்டிப் போய்விடுவாள். நாலாவது அக்கா. முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் ஒரே சீராக ஓடுகிறவள். அவள்தான் ஜெயிப்பாள் என்று எழுதியிருந்தேன். அக்கா என்பதற்காக எழுதவில்லை. தகுதிச் சுற்றில் அவள் கடைசி நூறு மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடியதை நான் பார்த்திருந்தேன்.

வாசித்து முடித்ததும் அக்கா கூரையைப் பார்த்தபடியே, தம்மாம் பெண்ணைப் பற்றி நான் எழுதியது பாதிதான் சரி என்றாள். அவளுக்கு முன்னால் ஓட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாகத் தான் இருக்கப்போவதில்லை என்றாள். "பாதிவரைக்கும் அவளையே முன்னாடி விட்டுடுவேன். திரும்பித் திரும்பிப் பாப்பா பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அந்த ஓட்டம் முழுவதும் தெரிந்திருந்தது, நடப்பதற்கு முன்பே.

மூன்று நாள் கழித்துப் பள்ளி முதல்வர், நாங்கள் மேடம் என்று அழைக்கும் அந்த அம்மாள், அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஞ்சினியர். மேலாளர் கூப்பிட்டால்கூட அரை மணி நேரம் தாமதித்துப் போகிற மனிதர், பள்ளியிலிருந்து அழைப்பென்றால் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நிற்பார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. பெருமைதான் இருந்தது. இந்த ஆண்டு பள்ளியின் முதல் மதிப்பெண் அக்காவுடையதாக இருக்கும் என்று மேடம் எதிர்பார்க்கிறாராம். இரண்டு வாரத்தில் பொதுத்தேர்வுக்கு முந்தைய ப்ரீ-போர்டு தேர்வு வருகிறது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளை இந்த நேரத்தில் ஓட விடுவது சரியில்லையாம். போட்டி நடக்கும் நாளில் இயற்பியலுக்குச் சிறப்பு வகுப்பும் வைத்துவிட்டார்களாம்.

அக்கா கெஞ்சவில்லை. சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் நின்றபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பதினோரு நிமிஷம்தான்ப்பா அது."

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "அதான் சொல்லிட்டாங்கல்ல. கலாஸ். இதோட விடு."

கலாஸ் என்பது சைட்டில் அவர் நாள் முழுக்கச் சொல்லும் அரபுச் சொல், முடிந்தது என்று பொருள். காங்கிரீட் ஊற்றி முடித்தால் கலாஸ், லாரி கிளம்பினால் கலாஸ். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் விடியலில் எழுந்து ஓடியதும் அந்த ஒரே சொல்லில் முடிந்தது. அம்மா குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அப்பாவின் கண்டிப்பு அல்ல. கண்டிப்பாக மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் சந்தோஷமாக மறுத்தார். மகளுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து மறுத்தார்.

விழா மலர் போட்டியன்று காலையில்தான் கைக்கு வந்தது. என் கட்டுரை இருந்தது, என் பெயரும் இருந்தது. அக்காவைப் பற்றிய பத்தி இருந்த இடத்தில் நான் எழுதாத ஒரு வாக்கியம் இருந்தது: போட்டியை நடத்தும் பள்ளியின் நட்சத்திர வீராங்கனை காலில் ஏற்பட்ட காயம் காரணமாக விலகிக்கொண்டார். நான் ஆங்கில ஆசிரியையிடம் ஓடினேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், மேடம் சொல்லிச் சேர்த்தது, மற்ற பள்ளிகள் கேட்டால் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே என்றார். தேர்வுக்காக நிறுத்தினோம் என்று அச்சில் போட அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. கூச்சப்படத் தெரிந்தவர்களுக்கு அதைச் செய்யாமலிருக்கத் தெரியவில்லை. தங்கள் வெட்கத்தை மறைக்க அவர்கள் எடுத்துக்கொண்டது என் அக்காவின் காலை. பதினாலு வயதில் எனக்கு வந்த அந்தக் கோபம் எனக்கே புதிது. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே அரங்கத்துக்குப் போனேன்.

கைதட்டுவதற்காக எங்கள் வகுப்புப் பெண்களையெல்லாம் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஓட்டத்துக்கு முன்னால், உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த தம்மாம் பெண் என்னைத் தேடிக்கொண்டு படியேறி வந்தாள். எனக்கும் அக்காவுக்கும் ஒரே முகச்சாடை. அதை வைத்தே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"ஒங்க ராத்தாக்குக் காலு எப்படி இருக்கு?"

அக்காவைத்தான் ராத்தா என்றாள். காலுக்கு ஒன்றுமில்லை, ஓட விடவில்லை என்றேன். அவள் திரும்பிக் கீழே தடத்தைப் பார்த்தாள். பாலைவனத்தைத் தாண்டி வந்து நடுவர்களின் விதிகளுக்கும் வீட்டின் விதிகளுக்கும் நாட்டின் விதிகளுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடித்து ஓடுகிறவள் அவள். முழங்கை வரைக்கும், கணுக்கால் வரைக்கும் மூடிய உடையும் தலையில் இறுகக் கட்டிய துணியுமாக நின்றாள். அவளுடைய அப்பா வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். அவளை அழைத்துவருவதற்காகக் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தக் குடும்பங்களைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு, பெண் பிள்ளைகளை அடக்கி வைப்பவர்கள் என்று. அடக்கி வைத்தது யார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"அப்ப நா யாரு பின்னாடி ஓடுறது?" என்று கேட்டாள். கேலியில்லை. உண்மையாகவே கேட்டாள்.

அது மோசமான ஓட்டம். ஷார்ஜாப் பெண் வழக்கம்போலப் பாய்ந்து வழக்கம்போல இறுகிப்போனாள். பின்னால் வந்தவர்கள் முன்னே போக மனமில்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். தம்மாம் பெண் வேறு வழியில்லாமல் முன்னால் வந்தாள். அக்கா சொன்னது போலவே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசி வளைவில் ராஸ் அல் கைமாப் பெண் அதே மாறாத வேகத்தில் அவளைக் கடந்து போனாள். ஜெயித்தவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் ஓடினாள், ஜெயித்தாள். மேடம் எழுந்து நின்று கைதட்டியதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சிறப்பு வகுப்பு முடிந்து வந்த அக்கா பையைக்கூட இறக்காமல், பாதிக்கு மேல் முன்னால் ஓடி வேகத்தை யார் இழுத்தார்கள் என்று கேட்டாள். யாரும் இழுக்கவில்லை, மெதுவாகத்தான் போனது என்றேன். எவ்வளவு மெதுவாக என்று கேட்டாள். சொன்னேன். தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு அவள் ஓடவில்லை. தேர்வுகளில் பள்ளியின் முதல் மாணவியாக வந்தாள். பள்ளி டை கட்டிய அவள் படம் பள்ளி வாசல் பலகையில் ஓராண்டு முழுவதும் வெயிலில் வெளுத்தது. திருச்சியில் எஞ்சினியரிங் படித்தாள், துபாயில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணமும் ஆயிற்று. நன்றாகத்தான் இருக்கிறாள். அப்புறம் என்ன குறை என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். நன்றாக இருக்கிறாள் என்பதையே நியாயமாக நீட்டுகிறார்கள். அவளுடைய படிப்பும் அந்தப் பதினோரு நிமிடமும் ஒரே தராசில் எதிரெதிர்த் தட்டுகளில் இருந்தன என்று யார் சொன்னது? இரண்டும் அவளுடையவை. இரண்டையும் அவளால் செய்திருக்க முடியும். அவளைப் போல எத்தனையோ பெண்களை இந்த ஊர்களில் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் ஓட்டம் நிற்கிறது, பதினொன்றில் நீச்சல் நிற்கிறது, பன்னிரண்டில் சிரிப்பும் நின்றுவிடுகிறது. கேட்டால் எல்லாம் அவர்கள் நன்மைக்காக.

இந்த ஆண்டு அதே பள்ளி அதே போட்டியை மறுபடி நடத்தியது. புது முதல்வர், புது அரங்கம். இப்போது ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். அக்காவைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். நானும் இப்போது நான் இருக்கும் ஷார்ஜாவிலிருந்து கிளம்பி அவளோடு மஸ்கட்டுக்குப் போனேன். நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் முன்னோட்டக் கட்டுரையும் என்னிடமே கேட்டிருந்தார்கள். ஓடுகிறவர்களை விசாரித்தபோது, எங்கள் பள்ளியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திகூட இல்லை. அக்காவிடம் அதை மட்டும் சொன்னேன்.

மேடையில் ஒரு மாணவி அக்காவை அறிமுகப்படுத்தினாள். நல்ல ஆங்கிலம், பழுதில்லாத உச்சரிப்பு. கால் காயத்தால் இறுதி ஓட்டத்தை இழந்தும் மனம் தளராமல் படிப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவர் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பொய்யை இருபது ஆண்டு பத்திரமாக வைத்திருந்து, துடைத்துப் பளபளப்பாக்கி, வீரக்கதையாக அவளிடமே நீட்டினார்கள்.

அக்கா ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை. தனக்குக் காயம் எதுவும் இருக்கவில்லை என்றும், தேர்வு வருகிறது என்று பள்ளி நிறுத்தியது, வீடும் தலையாட்டியது என்றும் சொன்னாள். பிறகு, இந்தப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இப்போது எங்கே என்று கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது: "ஸ்பெஷல் கிளாஸ், மேம்." சில குழந்தைகள் சிரித்தார்கள். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கொடியை எடுத்துக்கொண்டு தடத்தருகே போனாள். ஓட்டத்தைத் தொடங்கி வைத்தாள், ஒவ்வொரு சுற்றையும் நின்றுகொண்டே பார்த்தாள். பதக்கங்களை அணிவித்தாள். முதல்வர் தந்த நினைவுப் பரிசை மட்டும் நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

விமான நிலையத்துக்குப் போகும் டாக்சியில், ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிவிட்ட அப்பா திருச்சியிலிருந்து கூப்பிட்டார். யாரோ மேடைப் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. அக்கா ஃபோனை மடியில் வைத்து எனக்கும் கேட்கும்படி பேசினாள். மேடையில் உன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அப்பா கேட்டார். கால் காயத்தால் ஓட முடியாமல் போனவள் என்று சொன்னார்கள் என்றாள்.

"ஆமாம்மா, பாவம்," என்றார் அப்பா. "அப்ப உனக்குக் கால் சரியில்லாமத்தானே போச்சு."

நடிக்கவில்லை அவர். நம்பித்தான் சொன்னார். ஃபோனைப் பிடுங்கிக் கத்த என் கை போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லப்பா," என்றாள். "என் கால் நல்லா இருந்துச்சு."

மறுமுனையில் அப்பா ஏதோ சொல்லத் தொடங்கினார். அக்கா முடிக்க விடவில்லை. "நல்லா இருந்துச்சுப்பா," என்று மறுபடி சொன்னாள். அவர் சரி என்று சொல்லும்வரை, சொல்லிக்கொண்டே இருந்தாள்.