மீன் தண்ணீரில் குளித்த மாமா

ஆடிக்கு அழைத்து வந்த அத்தை, கார்த்திகை பிறந்தும் புகுந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் மாமியார், ஓரகத்தி, இரண்டு நாத்தனார்கள் என்று நிறைந்த வீடு. அங்கே என்ன நடந்தது என்று கேட்டபோதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில், "போய் வாய்ப்பாடு படி." எட்டு வயதில் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

ஐப்பசியில் மெட்ராஸ் போய்வந்த அப்பா, ஒரு கண்ணாடித் தொட்டியும் ஏழு தங்க மீன்களும் வாங்கிவந்தார். எனக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். ஆனால் தொட்டியை வைத்தது, அத்தை நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அறையில்.

முதல் வாரமே இரண்டு மீன்கள் போய்ச் சேர்ந்தன. காரணம் அம்மாவின் சுத்தம். தினமும் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிட்டு, கூழாங்கற்களைப் பூஜைப் பாத்திரம்போலப் புளி போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். இரண்டாவது மீன் மிதந்த அன்று அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இனிமே இத நீங்க தொடாதீங்க."

அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "குழாய்த் தண்ணில மருந்து இருக்குது, ஒரு நாள் திறந்து வச்சு ஊத்துங்க, ஒரேயடியா மாத்தாதீங்கன்னு கடைக்காரன் சொன்னான்." அம்மா பார்த்த பார்வையில் அப்பா செய்தித்தாளைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் தொட்டி அத்தையின் ராஜ்ஜியம். பின்கட்டில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்துத் திறந்தே வைத்திருப்பாள். மூன்று நாளுக்கு ஒருமுறை ரப்பர் குழாயால் அடியிலிருக்கும் அழுக்கை உறிஞ்சி, கால் பங்குத் தண்ணீரை எடுத்துக் கனகாம்பரத்துக்கு ஊற்றுவாள். எடுத்த அளவு அண்டாவிலிருந்து ஊற்றுவாள். தீனி ஒரு சிட்டிகைதான். நான் இரண்டாவது சிட்டிகை எடுத்தால் தலையில் குட்டு விழும். ஐந்து மீன்களும் கொழுத்தன. அத்தையும் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கார்த்திகை தீபம் வந்தது. ஊரே கொள்ளாத கூட்டம் வருமென்று குழாய்த் தண்ணீரில் மருந்தை ஜாஸ்தியாகக் கலந்துவிட்டார்கள். காபியில்கூட அதன் நாற்றம். அத்தை அண்டாவை இரண்டு நாள் முன்பே நிரப்பி வைத்துவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக் குழந்தைகளை அவள் கணக்கில் வைக்கவில்லை. தீபத்தன்று காலையில் மீனுக்கும் பிரசாதம் என்று இரண்டு கை பொரியைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். தண்ணீர் கஞ்சிபோல ஆனது.

அந்த நேரம் பார்த்து அத்தையின் வீட்டுக்காரர் வந்து நின்றார். முற்றத்தில் நின்றபடி, அறைக்குள் கேட்கும் அளவுக்குச் சத்தமாக அப்பாவிடம் சொன்னார்: "வேங்கிக்கால்ல தனியா ஒரு வீடு பார்த்து அட்வான்ஸ் குடுத்துட்டேங்க." அத்தை வெளியே வரவில்லை. தொட்டியிலிருந்து பாதித் தண்ணீரை வாளியில் இறக்கிக்கொண்டிருந்தாள். அப்பா, "மொதல்ல குளிச்சிட்டு வாங்க" என்றார்.

மாமா குளித்தார். நன்றாகவே குளித்தார். ஈரத் துண்டோடு வந்து, "இன்னிக்கி தண்ணி நல்லா இருந்துச்சுக்கா. மருந்து நாத்தமே இல்ல" என்று அம்மாவைப் பாராட்டினார்.

"அது மீனோட தண்ணி!" என்று நான் கத்தினேன்.

அத்தை பின்கட்டுக்கு ஓடினாள். அண்டாவில் ஒரு சொம்பு தேறாது. பதறிப்போன மாமா, செய்த தப்பைச் சரிசெய்ய நினைத்து, வாசல் குழாயில் இரண்டு வாளி பிடித்து, யாரும் தடுப்பதற்குள் தொட்டியில் ஊற்றிவிட்டார். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அன்று அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன.

அத்தை அழவில்லை. பழைய பொரித் தண்ணீர் இருந்த வாளியில் ஒவ்வொரு மீனாக அள்ளிப் போட்டாள். நான்கு நீந்தின. ஒன்று சாய்ந்தது, நிமிரவே இல்லை.

"இந்த வாளில ராத்திரி வரைக்கும்கூடத் தாங்காது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"தெருக் கெணத்துலயும் நேத்துதான் பவுடர் கொட்டினாங்க" என்றாள் அம்மா.

"அந்த வேங்கிக்கால் வீட்டுக் கெணத்துல யாரும் எதுவும் போடல" என்றார் மாமா. தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல், அப்பாவின் சைக்கிளையும் இரண்டு பிளாஸ்டிக் குடங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஊருக்குள் வரும் அத்தனை ஜனங்களும் அவருக்கு எதிரே வந்திருக்க வேண்டும். மதியம் போய் மாலையும் வந்துவிட்டது. நான் வாளியை விட்டு நகரவில்லை. மலையில் தீபம் பார்க்க எல்லோரும் மொட்டைமாடிக்குப் போன பிறகுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் ஒரு குடம், தோளில் ஒரு குடம். ஒரு காலில் செருப்பில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

அத்தை தொட்டியைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தாள். கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தும் பார்த்தாள். பிறகு உயரத் தூக்கி நுரைக்க நுரைக்க ஊற்றி, சற்றுப் பொறுத்து மீன்களை ஒவ்வொன்றாக விட்டாள். நான்கும் கற்களுக்கிடையே ஓடின. எனக்கு உயிர் வந்தது.

எங்களைக் கூப்பிட வந்த அம்மா மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். அத்தை மீன்களைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அந்த வீட்ல துணி காயப்போட எடம் இருக்குங்களா?"

மாமா, "மாடில ரெண்டு கொடி கட்டிக்கலாம்" என்றார்.

அம்மா ஓசைப்படாமல் வந்து என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்தாள். மேலே அரோகரா சத்தம் வானைப் பிளந்தது. எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட, அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தேன்:

"மீனுக்கு எதுக்கும்மா துணி காயப்போட எடம்?"