கதவில் தொங்கிய துண்டு

ஓட்டல் அறைகளில் கதவுக்கு வெளியே மாட்டுவதற்கென்று ஓர் அட்டை வைத்திருப்பார்கள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. நான் வாடகை விமானம் ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ஓட்டலில்தான் தூக்கம், அதுவும் பட்டப்பகலில். என்னைப் போன்றவர்களுக்காகவே அடித்த அட்டை அது. ஆனால் நான் அதை மாட்டுவதில்லை. பெருக்க வருகிறவர் தட்டட்டும், துணி வாங்க வருகிறவர் தட்டட்டும். எழுந்து பதில் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறேன். கூடப் பறக்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிகிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் தொழிலில் தூக்கத்துக்குச் சட்டம் உண்டு. பணிக்கு வந்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடும். பறந்தாலும் ஓடும், கல்யாணப் பந்தி முடியாமல் பயணி தாமதிக்க, நாங்கள் விமானத்துக்குப் பக்கத்தில் வெயிலில் காய்ந்தாலும் ஓடும். அளவு தாண்டினால் விமானத்தைத் தொடக்கூடாது. அடுத்த பணிக்கு முன் முழு ஓய்வு வேண்டும். காரில் போகிற நேரம் அதில் சேராது. ஓய்விலிருப்பவனை யாரும் எழுப்பக் கூடாது. இதைச் சொன்னால் விமானத்தை வாடகைக்கு எடுத்தவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சும்மா ஒக்காந்துதான ஓட்டுதீரு, அதுக்கு எதுக்குவே இம்புட்டு ஒறக்கம்?" என்று ஓர் அண்ணாச்சி என்னைக் கேட்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் அது பொய்.

என் அப்பா அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவர் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். முழு இரவு ஷிப்ட் முடித்து, தலையெல்லாம் பஞ்சோடு காலையில் வந்து படுப்பார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரி ஷிப்ட் பார்த்த ஆள் உள்ளே தூங்கினால், தெருக்கதவின் கொண்டியில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவார்கள். துண்டைப் பார்த்தால் மீன்காரர் குரலை விழுங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். சண்டை பிடிக்க வந்தவர்கள்கூடச் சாயங்காலம் வந்து பிடிப்பார்கள். தூக்கம் கெட்டவன் இயந்திரத்தில் விரலைக் கொடுத்துவிடுவான் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. அப்படி விரல் போனவர்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அதனால், பைலட்டுக்கு ஓய்வுச் சட்டம் உண்டு என்று நான் முதலில் சொன்னபோது அப்பாவுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. "ஏலே, அப்ப நீயும் ஷிப்ட்டுக்காரன்தான்" என்றார். நான் பைலட் ஆனதைவிட அதில்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

சில வருடங்களில் அவருடைய நுரையீரல் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. நெல்லையில் பெரிய டாக்டர், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இனி மருந்தில் ஒன்றும் இல்லை என்றார். நான் வடக்கே எங்கோ பறந்துகொண்டிருந்தேன். அம்மா போனில் ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போய்யா."

வழி தானாகவே வந்தது. கல்யாணத்துக்கு வரும் ஒரு குடும்பத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கிளப்பி, விடிந்ததும் வாகைக்குளம் விமான நிலையத்தில் இறக்க வேண்டும். மறுநாள் காலையில் திரும்பக் கூட்டிப்போக வேண்டும். இடையில் எங்களுக்கு ஓய்வு. கூட வந்த பைலட் திருநெல்வேலியில் ஓட்டலுக்குப் போனார். நான் வீட்டில் தூங்கிக்கொள்கிறேன் என்று கம்பெனியிடம் சொல்லிவிட்டுக் காரை மேற்கே விடச் சொன்னேன்.

அப்பா முன்னறையில் கட்டிலில், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். ஆள் பாதியாகிவிட்டார். நான் அவர் உடம்பைப் பார்த்தேன். ஆனால் அவர் என் கண்களைத்தான் பார்த்தார்.

"ராத்திரி பூரா முழிப்பா லே?"

"ஆமாப்பா."

"மேல இருந்து பாக்கைல நம்ம மில்லு தெரியுதா?"

இது அவர் பல வருடமாகக் கேட்டுவந்த கேள்வி. வழக்கமாக எங்கள் பாதை அந்தப் பக்கம் வராது. அன்றைக்கு மேகத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே ஒதுங்கி வந்ததில், விடிகிற வெளிச்சத்தில், மலையடிவாரத்தையும் ஆற்றையும் பார்த்திருந்தேன். மில்லின் நீளக் கூரையும் தெரிந்தது. அவரிடம் சொல்லத்தான் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"இப்ப வேண்டாம்" என்றார். "ஒனக்குக் கண்ணு செவந்து கெடக்கு. ஒறங்கி எந்திச்சு, பைய சொல்லு. நான் எங்க போவப்போறேன்?"

நான் மறுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்படுவதற்குக்கூட மூச்சு இல்லை. கையால் உள்ளறையைக் காட்டினார். பிறகு அம்மாவிடம், "அந்தத் துண்ட எடுத்துக் கொண்டில போடு" என்றார். பல வருடங்களாகப் பெட்டியில் கிடந்த துண்டு வெளியே வந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. சாயங்காலம் முழுக்க நம்முடையதுதானே, எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லலாம் என்று நினைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் படுத்தேன்.

அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். ஒரு கனவுகூட இல்லை.

கண் விழித்தபோது ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் மங்கியிருந்தது. உடம்பு லேசாக, புதிதாக இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் போனில் கம்பெனியின் செய்தி கிடந்தது: ஓய்வு எடுத்தாயிற்றா, காலையில் பறக்கத் தகுதியா? ஆயிற்று, தகுதிதான் என்று அனுப்பினேன். அந்தப் பதிலைப் பிறகு நான் வாபஸ் வாங்க, வேறொரு பைலட் காரில் வந்து சேர, கல்யாண வீட்டார் தாமதத்துக்குக் குதித்தார்கள். ஆனால் அனுப்பிய நேரத்தில் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சட்டப்படி, அந்தத் தெருவிலேயே நன்றாக ஓய்வெடுத்த மனிதன் நான்தான்.

உள்ளறைக் கதவைத் திறந்தேன்.

முன்னறை முழுக்க ஆட்கள். சுவரை ஒட்டித் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோர் வாயிலும் முந்தானை. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வாசலில் செருப்பில்லாமல் நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. அப்பாவைத் தலையணைகளை எடுத்துவிட்டு நேராகப் படுக்கவைத்திருந்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு அவர் மல்லாந்து படுத்திருந்தார். திறந்திருந்த தெருக்கதவின் கொண்டியில் அந்தச் சிவப்புத் துண்டு அப்படியே தொங்கியது.

மத்தியானமே போய்விட்டார். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அம்மா என்னை எழுப்ப எழுந்திருக்கிறாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். "புள்ளைய எழுப்பவான்னு ரெண்டு தடவ கேட்டேன். வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டுனாவ" என்று பிறகு சொன்னாள். துண்டு தொங்கும் வீட்டில் எப்படி அழுவது என்று வந்தவர்களும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். யார்மேல் கோபப்படுவது? அத்தனை பேரும் எனக்கு நல்லதுதான் செய்தார்கள். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா கட்டிலின் தலைமாட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அப்பா ஷிப்ட் தூக்கம் முடிந்து எழும்போதெல்லாம், தூக்கம் போதுமா என்று கேட்பாளே, அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள்.

"ஒறக்கம் காணுமாய்யா?"

"காணும்மா" என்றேன்.

அம்மா வாசலுக்குப் போய்த் துண்டை எடுத்தாள். அதன்பிறகுதான் அந்த வீடு அழத் தொடங்கியது.