கும்பிடக் கற்ற முயல்

பதுளையில் கடை வைத்திருந்த என் கணவர், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோன மாட்டு வண்டி திரும்பியபோது, அதில் எனக்காக ஒரு சோடி முயல் கொண்டுவந்தார். பெட்டை முயலைப் பின்னங்காலில் நின்று கும்பிடப் பழக்கினேன். பசித்தால்தான் அது சொன்னபடி செய்தது. அதனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வரும் நாட்களில் அதற்குத் தீனி போடாமல் வைத்திருந்தேன். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் காலையில் பார்த்தால், அது தன் மார்பு முடியைப் பிடுங்கி மெத்தைபோலப் பரப்பியிருந்தது. அதன்மேல் குட்டிகள் செத்துக் கிடந்தன. அது சினையாக இருந்ததையே நான் கவனிக்கவில்லை.

"ஒழுங்கா தீனி போட்டியா?" என்று கணவர் கேட்டார்.

"போட்டேங்க. குளிர் தாங்கலை போல."

அவர் நம்பிவிட்டார். கடையிலிருந்து புதுச் சாக்கு எடுத்துவந்து, காற்று புகாமல் கூண்டைச் சுற்றிக் கட்டினார். பக்கத்தில் நின்று சணல் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் உயிரோடு இருந்தவரை உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.