சுற்றாமல் நின்ற ஆரத்தி

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நடந்தது இது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வாசல்படியில் ஏறி வழிவிட வேண்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். மாநகராட்சித் தேர்தல் நேரம். சுவரெல்லாம் சின்னம், தெருவெல்லாம் மைக் கட்டிய ஆட்டோ.

நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவது என் வேலை. கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ரேஷன் கடை வரிசையில் யாராவது முந்திக்கொண்டால்கூட, பேசாமல் ஒதுங்கி நிற்பேனே தவிர ஏனென்று கேட்க மாட்டேன்.

எங்கள் சந்தில் குடிதண்ணீர் பைப்பும் மோரியும் ஒரே தடத்தில் ஓடின. மோரி என்றால் சாக்கடை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மேலே மோரி, அதன் அடியில் பைப். அந்தப் பைப் எங்கேயோ துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் விடுவார்கள். குழாயைத் திறந்ததும் கறுப்பாக, மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாற்றத்தோடு வரும். அதை ஓட விட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குடிப்போம். காய்ச்சினாலும் வாடை போகாது.

முந்தின மழைக்காலத்தில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைப்பாளா மாட்டாளா என்று நாங்கள் தவித்த நாட்களை இப்போது எழுதக்கூட மனசு வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, இன்னொரு தடவை வந்தால் இவள் உடம்பு தாங்காது, முதலில் தண்ணீரை மாற்றுங்கள் என்றார். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நாங்கள் எங்கே போய் மாற்றுவது? மார்க்கெட்டைத் தாண்டி இருந்த போர்வெல்லுக்குப் போய் ஒரு குடம் தூக்கிவந்து, அதை மகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் குழாய்த் தண்ணீரையே குடித்தோம்.

சந்து ஆண்கள் எங்கள் வார்டு கவுன்சிலரான கார்ப்பரேட்டர் வீட்டுக்குப் பலமுறை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் கன்னடத்தில் "மாடோணா" என்பார். செய்யலாம் என்று அர்த்தம். ஐந்து வருஷமும் அதையே சொன்னதால் எங்கள் சந்தில் அவருக்கு மாடோணா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர்தான் மறுபடியும் தேர்தலில் நின்றார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தால் சந்து முனையில் ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். மூன்று சுற்றுச் சுற்றி, அந்தத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்த பிறகுதான் அவர் உள்ளே வருவார். எதிரே தூக்கிய ஆரத்தியைச் சுற்றி முடிப்பதற்குள் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். அது அபசகுனம்.

ஒவ்வொரு தேர்தலிலும் அந்தத் தட்டு என் கைக்குத்தான் வரும். கட்சிக்காக எங்கள் சந்தைப் பார்த்துக்கொண்ட ஒருவர் இருந்தார். தலைவர் என்று கூப்பிடுவோம். ஏன் இவளையே கூப்பிடுகிறீர்கள் என்று ஒருதரம் என் கணவர் கேட்டதற்கு, மற்ற பொம்பளைகளை நிறுத்தினால் குழாய், மோரி என்று ஏதாவது பேசிவிடுவார்கள், உன் வீட்டம்மாதான் வாயே திறக்காது என்றாராம். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையா அவமானமா என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு அக்கா இட்லிக் கடை வைத்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம். முதல்நாள் நான் தட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்லா பளபளன்னு தேய் கண்ணு. நாளைக்கு ஒருநாள் நீ அவனச் சுத்து. அப்புறம் அஞ்சு வருஷம் நாம எல்லாரும் அவன் வூட்டச் சுத்தலாம்" என்றார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. வழக்கத்தைவிட மோசம். கடைசிவரை தெளியவே இல்லை. ஊர்வலத்தின் தமட்டை மேளச் சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்க ஆரம்பித்ததும் தலைவர் வந்து அவசரப்படுத்தினார். ஆரத்தி கரைக்கத் தண்ணீர் வேண்டும். வீட்டில் நல்ல தண்ணீர் என்று இருந்தது மகளுக்கான அந்த ஒரு குடம்தான். சொம்பை எடுத்துக்கொண்டு குடத்துக்குப் பக்கத்தில் போனேன். மகள் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அவள் குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து, இவருக்குச் சுற்றி, தெருவில் கொட்ட என் கை வரவில்லை. வெளியே வந்து, குழாயில் பிடித்து வைத்த தண்ணீரிலேயே மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தேன். செக்கச்செவேலென்று வர வேண்டியது பழுப்பாக வந்தது. மஞ்சள் வாசனையையும் மீறி மோரி நாறியது.

எந்தத் திட்டத்தோடும் நான் அதைச் செய்யவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சந்து முனையில் நின்றேன், அவ்வளவுதான்.

கார்ப்பரேட்டர் மாலையும் கழுத்துமாக வந்தார். தலைவர் கற்பூரத்தை ஏற்றினார். நான் தட்டை உயர்த்தியதும் கார்ப்பரேட்டர் முகம் சுருங்கியது. ஒரு அடி பின்னால் போனார்.

"ஏன்ம்மா இது? ஏதோ நாத்தம் வருதே?"

வழக்கமாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். அன்றைக்கு என்னவோ நேராகப் பார்த்தேன்.

"எங்க குழாத் தண்ணிண்ணா. வேற தண்ணி இல்ல. இதத்தான் நாங்க குடிக்கிறோம்."

தமட்டை அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் தலைவரைப் பார்த்தார், தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "ஆயித்தும்மா, மாடோணா" என்றார், ஆகட்டும் செய்யலாம் என்று. வாசல்களில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்போண்ணா?" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எலெக்‌ஷன் முடியட்டும் என்றார். போன எலெக்‌ஷனிலும் அதையேதான் சொன்னீர்கள், அதற்கப்புறம் என் பெண் சாகப் பிழைத்து வந்தாள் என்றேன். தலைவர் என் காதருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "சுத்தும்மா, மொதல்ல சுத்து" என்றார். கற்பூரம் அணையப் போகிறது என்று கூட்டத்தில் யாரோ பதறினார்கள். அது அணைந்தும் போனது. நான் சுற்றவில்லை. தட்டைக் கீழே இறக்கவும் இல்லை.

அவரால் திரும்பிப் போகவும் முடியாது, என்னைத் தாண்டி உள்ளே வரவும் முடியாது. என் பின்னால் எங்கள் சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். திரும்பிப் பார்க்காமலே எனக்கு அது தெரிந்தது. எதிர்வீட்டு அக்காதான் பேசினார்.

"கோச்சுக்காதீங்க. மோரி எங்க ஒழுகுதுன்னு ஒரு தபா வந்து பாத்துட்டுப் போங்க. நாங்களே கூட்டிப் போறோம். பாத்துட்டு வந்தா சுத்திடும் அந்தப் பொண்ணு."

சரி, வந்து பார்க்கிறேன் என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் தட்டை இறக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் கார்ப்பரேட்டர் எங்கள் சந்தின் கடைசிவரை நடந்தார். மோரியின் உடைந்த சேம்பர் மூடியைத் தூக்கிக் காட்டியபோது அவர் மூக்கை மூடிக்கொண்டார். திரும்பி வந்து, வரும் திங்கட்கிழமை எஞ்சினியரை அனுப்புகிறேன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். நாள் குறித்துச் சொன்ன பிறகு புதுக் கற்பூரம் ஏற்றினார்கள். நான் மூன்று சுற்றுச் சுற்றினேன். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, நெற்றியைக் காட்டுங்கள் என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டுக் குனிந்தார். அத்தனை பேர் முன்னால் அதைத் துடைக்கவும் முடியாமல் அடுத்த தெருவுக்குப் போனார்.

அன்று மாலை டீக்கடையில் தலைவர் என் கணவரைப் பிடித்து, உன் வீட்டம்மாவுக்கு வாய் முளைத்துவிட்டது, இனிமேல் இந்த ஏரியாவில் உனக்கு எவன் வேலை கொடுப்பான் பார்க்கலாம் என்றாராம். கணவர் அதைச் சொன்னதும் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "நாளைக்கு யாரானா கேட்டா நான் இன்னா பேசணும்னு சொல்லிக்குடு. எனக்கு உன்ன மாதிரி வராது" என்றார்.

திங்கட்கிழமை எஞ்சினியர் வந்தார், பார்த்தார், போனார். அடுத்த வாரம் வாக்குப்பதிவு நடந்தது. மாடோணா தோற்றுப்போனார்.

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தவரோ எங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. போய்க் கேட்டபோது, பழைய ஆள் சொன்னதற்கு நான் பொறுப்பா என்றார். நியாயமாகத்தான் பேசுகிறார் என்று எங்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். எனக்கு மறுபடியும் வாய் அடைத்துக்கொள்ளப் பார்த்தது. அடுத்த மழை வந்தால் என் பெண் என்ன ஆவாள் என்ற நினைப்புதான் பேச வைத்தது.

"ஆள்தாங்க மாறியிருக்கு. குழாயும் அதேதான், குடிக்கிற நாங்களும் அதே ஆளுங்கதான்."

அதற்கு அவர், வார்டு ஆபீஸுக்குப் போங்கள் என்றார்.

போனோம். பட்ஜெட் இல்லை என்றார்கள், ரோடு வெட்ட அனுமதி இல்லை என்றார்கள், எஞ்சினியர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். கூலி வேலை செய்கிறவர்கள் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் காத்திருக்க முடியும்? அதற்குத்தான் பயந்தோம். என்னைப் போலவே சந்தில் பலரும் ஊதுபத்தி உருட்டுகிறவர்கள் என்பதால் எங்களுக்கு ஒரு வழி தோன்றியது. பலகையும் குச்சியும் கரி கலந்த மாவும் எங்கே கொண்டுபோனாலும் வேலை நடக்கும். வார்டு ஆபீஸ் வராந்தாவிலேயே உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தோம். இன்றைக்குச் சிலர், நாளைக்கு வேறு சிலர் என்று முறை வைத்துக்கொண்டோம். இட்லி விற்று முடிந்ததும் எதிர்வீட்டு அக்காவும் வந்துவிடுவார். உருட்டத் தெரியாமல் எங்கள் குச்சிகளைக் கெடுத்துக்கொண்டு இருப்பார்.

ஆபீஸ் ஆட்கள் கறுப்பு மாவை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்கள். இது என்ன ஃபேக்டரியா, எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு கிளார்க் சத்தம் போட்டார். நாங்கள் சண்டை போடவில்லை. "எங்க வேலை முடிஞ்சா நாங்களே எடுத்துட்டுப் போறோம் சார். உங்க வேலை எப்ப முடியும்னு சொல்லுங்க" என்றார் அக்கா. நாள் போகப் போக மனம் இளகி, அந்தக் கிளார்க்கே பிறகு எங்களுக்கு யாரைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் புதுக் கார்ப்பரேட்டர் அங்கே வருவார் என்றெல்லாம் சொல்லித் தந்தார். மனுவையும் அவர்தான் எழுதிக்கொடுத்தார். கார்ப்பரேட்டர் வரும் நாளில் நாங்கள் நிறையப் பேராக இருந்தோம். வரும்போதெல்லாம் நாங்கள் கண்ணில் படுவது தனக்குப் பழகிவிடும் என்று அவர் நினைத்திருப்பார். பழகவில்லை. கடைசியில் அவரே சொல்லிப் பணமும் அனுமதியும் வாங்கித் தந்தார்.

மழை தொடங்குவதற்கு முன்பே எங்கள் சந்துத் தரையை வெட்டினார்கள். மோரியை விட்டு எதிர்ப்பக்கமாகப் புதுப் பைப் போட்டார்கள். வெட்டுகிற நாட்களில் நாங்கள் அருகிலேயே நின்றோம். ஆழம் குறைவாகத் தோண்டியபோது அக்கா குழிக்குள்ளேயே இறங்கி நின்றுவிட்டார். புதுக் குழாயில் தண்ணீர் வந்த காலையில் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வாடை இல்லை. ஆனாலும் காய்ச்சித்தான் மகளுக்குக் கொடுத்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் அவள் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவில்லை.

இத்தனை வருஷம் கழித்தும் என் கூச்சம் போய்விடவில்லை. ஆனால் வார்டு ஆபீஸுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் போவேன், குப்பை வண்டி வராவிட்டால் போவேன், எந்தக் குறையும் இல்லாத மாதத்தில் சும்மா போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவேன். எங்கள் சந்தில் யார் ஜெயித்தாலும், ஜெயித்த வாரமே பெண்கள் போய்ப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. படிக்கிறவர்களில் என்னைப் போலப் பேச்சு வராதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நமக்கெதற்கு, யாராவது கேட்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் நாம் கேட்காமல் விட்ட ஒவ்வொன்றையும் நம் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் உடம்பில்தான் சுமக்கிறார்கள் என்பது, அன்று மஞ்சள் பூத்திருந்த மகளின் கண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.