வானத்துக் கப்பலில் லீவு கேட்டவன்

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எங்கே பெரிய ற போடுவது, எங்கே சின்ன ர போடுவது என்பது எனக்கு இன்றும் குழப்பம்தான். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் கூடினாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். உம்மாவின் தம்பி, என் மாமா, வளைகுடாவிலிருந்து லீவில் வந்தார். பெட்டியில் சென்ட், போர்வை, பால்பவுடரோடு ஒரு ரிசீவரும் வந்தது. பெரிய டிஷ் ஒன்றை வாங்கி மாடியில் நிறுத்தினார். உலகத்துச் சானல் எல்லாம் வரும், தமிழ்ப்படம் நாள் முழுக்க ஓடும் என்றார். நாள் முழுக்கத் திருப்பித் திருப்பி வைத்ததில் ஒரே ஒரு சானல்தான் வந்தது. அதில் வானத்தில் கப்பல் போகிற கதைகளை மட்டுமே போட்டார்கள். எவனோ ஒருவன் ஏதோ ஒரு நாட்டில் எடுத்து, வேறொரு நாட்டிலிருந்து அனுப்பி, அது காரைக்காலில் எங்கள் வீட்டு மாடியில் வந்து இறங்கியது. பேச்சு இங்கிலீஷ். அடியில் அரபு எழுத்து ஓடும்.

இதனால் முதலில் கஷ்டப்பட்டது வாப்பாதான். கடையிலிருந்து வந்ததும் டிவி முன்னால் கால் நீட்டிப் படுப்பது அவர் வழக்கம். அரபு எழுத்து ஓடுகிற பக்கம் கால் நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் அரபு ஓதப் படித்தவர்கள்தான். ஆனால் எழுத்தின் மேலும் கீழும் உச்சரிப்புக் குறி போட்டிருந்தால் வாசிப்போமே தவிர, பொருள் தெரியாது. டிவியில் குறியும் இல்லை.

"நீதான் இத்தனை வருசம் அங்க இருந்திருக்கியே. படிச்சுச் சொல்லுடா" என்றார் வாப்பா.

மாமா சொல்ல ஆரம்பித்தார். மாமாவுக்குத் திரும்பிப் போக மனமில்லை. டிக்கெட் அலமாரியில் இருந்தது, நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, வீட்டில் வாய் திறந்து சொல்ல அவரால் முடியவில்லை. இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்துகொண்டவை. அன்று எனக்குக் கதைதான் முக்கியம்.

கப்பலில் வெள்ளிச் சட்டை போட்ட ஒருவன் எப்போதும் விளக்குப் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பான். "இவன மெக்கானிக் வேலைன்னு கூட்டிட்டு வந்துட்டு, இப்பத் தொட்டி கழுவ விட்டிருக்காங்க" என்றார் மாமா.

"தொட்டி கழுவுறவன் மாதிரி தெரியலையே. சட்டை பளபளன்னு இருக்கு."

"அது போட்டோவுக்குப் போடுற சட்டை மச்சான். ஊருக்கு அனுப்பணும்ல."

இறால் உரித்துக்கொண்டிருந்த உம்மாவின் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடியும் உரித்தது.

நீல முகத்துக் கேப்டன்தான் முதலாளி என்றார் மாமா. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவன் பெட்டிக்குள் இருக்கிறதாம்.

"வானத்துல எவன்டா பாஸ்போர்ட் கேக்குறான்?"

"அங்கதான் மச்சான் ரொம்பக் கேப்பாங்க."

வாப்பா அதை ஒத்துக்கொண்டார். நான் மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொஞ்சம் மரியாதை சம்பாதித்தேன்.

டிக்கெட் தேதிக்கு முந்தின சாயங்காலம், மஃரிப் தொழுதுவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். வெள்ளிச் சட்டைக்காரன் கேப்டன் முன்னால் நின்று ஏதோ பேசினான்.

"லீவு கேக்குறான். ஒரேயடியா ஊருக்குப் போயிடறேங்கிறான்" என்றார் மாமா. "போகவா, இருக்கவான்னு அவனுக்கே தெரியல. நீங்க என்ன சொல்றீங்க மச்சான்?"

"இருக்கச் சொல்லு. பாதியில வந்து நின்னா ஊர் சிரிக்கும். எவன் பொண்ணு குடுப்பான்?" வாப்பா கடைக் கணக்கைப் பேசுவது போலவே பேசினார்.

மாமா உம்மாவைப் பார்த்தார். "நீ சொல்லு லாத்தா."

உம்மா இறால் சட்டியைத் தள்ளி வைத்தாள். "எறங்கி வரச் சொல்லு அவன."

"கப்பல் வானத்துல போகுது. எங்க எறங்குவான்?" என்றார் வாப்பா.

"எங்கயாச்சும் நிறுத்தச் சொல்லுங்க. ஊரு பேசுனா நான் பதில் சொல்லிக்கிறேன். கஞ்சியோ கூழோ, வந்து வீட்டுல குடிக்கட்டும்."

மாமா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்து மட்டும் ஓடியது.

"என்னடா, படி. என்ன பண்றான்?"

"அழுவுறான் மச்சான்."

டிவியில் அவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். வானத்தில் அழுகை இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா போகவில்லை. வாப்பா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, மாடியில் டிஷ் திருப்பிப் பழகிய கையை வைத்தே மாமா தொழில் தொடங்கினார். தலத்தெருவிலிருந்து குரும்பகரம் வரை பல வீட்டு மாடிகளில் அவர் ஏறியிருக்கிறார். பொண்ணும் கொடுத்தார்கள்.

இப்போது அந்த மாதிரி சானல்கள் எல்லாம் தமிழிலேயே பேசுகின்றன. போன வாரம் அந்தப் பழைய தொடரையே போட்டார்கள். கேப்டன் தங்கமான மனுஷன். வெள்ளிச் சட்டைக்காரன் அவனுக்கு அடுத்த அதிகாரி. லீவு என்ற பேச்சே கதையில் இல்லை.

வாப்பா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இவன் அன்னிக்கே எறங்கி ஊருக்கு வந்தவனாச்சே. மறுபடி எதுக்குடா ஏறினான்?"

நான் அடுப்படிக்குப் போய் உம்மாவிடம், மாமா அன்று சொன்னதெல்லாம் புளுகு என்றேன். உம்மா திரும்பக்கூட இல்லை. "ஒங்க மாமன் மதரஸாவுல ஓதுனத விடத் தூங்குனதுதான் அதிகம். அவனாவது அரபு படிச்சுக் கதை சொல்றதாவது."

"அப்ப ஒங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"வாப்பாகிட்ட ஒளறி வைக்காத. இது அவன் எறங்குறதுக்கு முந்தி எடுத்த படம்னு சொல்லு."

சொன்னேன். வாப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். அக்காவும் தம்பியும் எங்கள் நடுவில் உட்கார்ந்தே அத்தனையும் பேசி முடித்திருக்கிறார்கள். நான் அன்று இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: மாசி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.