மூன்று வாட் நீர்மின் நிலையம்

நான் கட்டிய நீர்மின் நிலையத்தின் மொத்த உற்பத்தி, மூன்று வாட் பல்பு ஒன்று எரியும் அளவு. அதற்காக எங்கள் வாட்ச்மேனின் வேலையும், வேலையோடு சேர்ந்த செல்லார் அறையும் பறிபோக இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் நான் என் சாமர்த்தியத்தைப் பற்றி அளக்கும்போது நீங்கள் நம்பிவிடக்கூடும்.

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்களுடையது ஐந்து மாடி அபார்ட்மென்ட். கீழே, செல்லார் என்று இங்கே சொல்லும் அடித்தளத்தில், கார்கள், தண்ணீர்ச் சம்ப், வாட்ச்மேனும் அவர் மனைவியும் குடியிருக்கும் ஒற்றை அறை. கரண்ட் போனால் செல்லார் படிக்கட்டு கும்மிருட்டு. அதில் நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். இரண்டாம் முறை கையில் ஒரு டஜன் முட்டை இருந்தது. மனைவி எமர்ஜென்சி விளக்கு ஒன்று வாங்கிவரச் சொன்னாள். நான் நீர்மின் நிலையம் கட்டக் கிளம்பினேன்.

ஆறு எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் மொட்டை மாடியில் இருந்தது. மாடித் தொட்டி நிரம்பியதா என்று பார்க்க எங்களிடம் மிதவையும் கிடையாது, தானியங்கி சுவிட்சும் கிடையாது. காலையில் வாட்ச்மேன் மோட்டரைப் போடுவார். தொட்டி நிரம்பி, பின்புறச் சுவரோரக் குழாய் வழியாகத் தண்ணீர் ஐந்து மாடி கீழே வந்து மழைநீர்க் குழியில் கொட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் யாராவது பால்கனியிலிருந்து கத்துவார்கள். அவர் மோட்டரை நிறுத்துவார். ஆக, தினமும் ஐந்து நிமிட அருவி ஒன்று வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துச் சின்ன டர்பைன் ஒன்றின் வழியாக விட்டால் போதும் என்பது என் கணக்கு.

உள்ளங்கையில் அடங்கும் டர்பைன் ஆன்லைனில் கிடைத்தது. அதன் வாய்க்கும் எங்கள் குழாய்க்கும் பொருத்தமே இல்லை. நாச்சாரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மூன்று சனிக்கிழமைகள் நடந்து, இடையில் மாட்ட ஒரு பித்தளை வளையம் கடைந்து வாங்கினேன். பட்டறைக்காரர் அது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மறு வாரம் அவர் கேட்கவில்லை, பக்கத்து மெஷின்காரரிடம் என்னைக் காட்டி மட்டும் பேசினார்.

முதல் சோதனையில் இரண்டாம் மாடி உயரத்தில் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அழுத்தம் தாங்குவதற்காகப் போட்ட குழாய் இல்லையே அது. அசோசியேஷன் தலைவர் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் மறுபடி அலசப்பட்டன. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் ஊர் உருது கலந்துவிடும்: ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. கீழே வந்து நிதானமாகப் பார்த்தார்.

"கைக்கு பா இதெல்லாம் உனக்கு? ஆபீஸ்ல வேலை தர்றதில்லையா?"

"ஒரு இணைப்புதான் சார் போச்சு. மத்ததெல்லாம் பிடிச்சுது."

"ஹவ். என் பனியன்கூட பிடிச்சுது."

விடவில்லை. எல்லா இணைப்புகளையும் கழற்றிப் பசை போட்டு ஒட்டி, இரும்புப் பட்டை வைத்து இறுக்கினேன். தண்ணீர் டர்பைன் வழியாகப் போனதில் அருவிச் சத்தம் அடங்கியது, பால்கனியிலிருந்து கத்துவாரும் இல்லை. மூன்றாம் சோதனையில் செல்லார் படிக்கட்டில் பல்பு எரிந்தது. பேட்டரி அடுத்த கட்டம். இப்போதைக்குத் தண்ணீர் விழும்வரை விளக்கு எரியும், நின்றால் அணையும். வாட்ச்மேன் கை தட்டினார். உலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. அதற்குப் பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பதினைந்து வருடமாக ஐ.டி. கம்பெனியில் மற்றவர்களிடம் அறிக்கை கேட்டே சம்பளம் வாங்குகிறவன் நான். வாட்ச்மேனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் விளக்கு எத்தனை நிமிடம் எரிந்தது என்று எழுதச் சொன்னேன். "அலாகே சார்" என்றார், அப்படியே ஆகட்டும் என்று. முதல் நாள் ஐந்து நிமிடம். பரவாயில்லை என்றேன். மறுநாள் எட்டு. நன்று என்றேன். பன்னிரண்டு வந்த அன்று தோளில் தட்டிக்கொடுத்தேன். இருபதைத் தாண்டியதும் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டு, அம்புக்குறியெல்லாம் வைத்து, அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பினேன். நாற்பத்தைந்து வரை ஏறியது. ஏன் ஏறுகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கோடு மேலே போனால் யாரும் கேட்பதில்லை, எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை சோப்பும் முகமுமாக நிற்கிறேன், குழாயில் காற்று வருகிறது.

வெளியிலிருந்து மனைவி சொன்னாள். "ஏனுங்க, சம்புல பொட்டுத் தண்ணி இல்லீங்களாம். உங்க கரண்ட்டுல குளிச்சுக்கறீங்களா?"

டேங்கர் வந்து சேர மதியமாயிற்று. தலைவர் விசாரித்ததில், காலையில் மோட்டர் முக்கால் மணி நேரம் சும்மா ஓடுகிறது என்று முதல் மாடியில் யாரோ சொல்லிவிட்டார்கள். வாட்ச்மேன் தூங்கிவிடுகிறார் என்று முடிவு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஆளை மாற்றுவது, மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்வது. இதுதான் பேச வேண்டிய விஷயம் என்று குழுவில் செய்தி வந்தது.

நான் செல்லாருக்கு ஓடினேன். அவர் கார்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூங்கினீங்களா?"

"இல்லை சார்" என்றார் தெலுங்கில். "நிறுத்தினா விளக்கு அணைஞ்சிடுது. எண் குறைஞ்சா உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுது."

"இதைத் தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

"உங்க பேரை எப்படி சார் சொல்றது?"

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கூடவே, எனக்குள் ஓடிய கேவலமான ஒரு நினைப்பையும் சொன்னேன். அந்த வரைபடத்தைக் குழுவில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"தெரியாதுங்க" என்றாள். "ஆனா வாட்ச்மேன் வீட்டு அக்கா மாசக் கடைசியில பாத்திரத்தை மூட்டை கட்டும்போது, நீங்க கொஞ்சம் கை கொடுத்துட்டு வாங்க."

கூட்டம் செல்லாரில், பிளாஸ்டிக் நாற்காலிகளில். வாட்ச்மேன் தூணோரம் நின்றார். அவர் மனைவி அறை வாசலில். தலைவர் ஆரம்பிக்கும் முன் நான் எழுந்துவிட்டேன்.

"எல்லாரும் போனை எடுங்க. பத்து நாளைக்கு முன்னாடி நான் அனுப்பின படத்தைத் திறங்க."

"நக்கோ பா, இப்ப உன் பல்பு வேணாம்" என்றார் தலைவர்.

"பல்பு இல்ல சார். மோட்டர். அந்தக் கோடு ஏறுதே, அது முழுக்க நம்ம தண்ணி. இவர் தூங்கல. நான் பாராட்டப் பாராட்ட இவர் மோட்டரை ஓட விட்டிருக்கார். ஏன் ஏறுதுன்னு கேட்க வேண்டியவன் நான். படத்துக்கு அம்புக்குறி போட்டவனும் நான்தான்."

ஒவ்வொருவராகத் திறந்தார்கள். என் வாழ்நாளில் என் அறிக்கை ஒன்றை இத்தனை பேர் கவனமாகப் படித்தது அன்றுதான். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ ரெண்டு குதிரைத்திறன் மோட்டரை ஓட்டி, இந்தப் பூச்சி விளக்கை எரிச்சிருக்கே."

"ஆமா சார்."

"இஞ்சினியரிங் படிச்சவன்தானே நீ?"

"அதுவும் ஆமா சார்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வாட்ச்மேன் இருப்பார் என்று முடிவானது. டர்பைனை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அங்கேதான் நான் மறுபடி எழுந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் சம்புக்கு வருகிற கார்ப்பரேஷன் தண்ணீர் தானே அழுத்தத்தோடு வருகிறது, அதன் வாயில் மாட்டினால் யாருடைய மோட்டரும் ஓட வேண்டாம், தண்ணீரும் சம்புக்குள்ளேயே விழும், சம்ப் நிரம்பத் தாமதமானால் டர்பைனைத் தவிர்த்துத் தண்ணீரை நேராக விட ஒரு வால்வு வைக்கிறேன் என்றேன். எல்லோரும் முனகினார்கள். தலைவர் கையைக் காட்டி அடக்கினார்.

"போடு. ஆனா மழை வர்ற வரைக்கும் காலையில மோட்டர் டூட்டி உன்னது. அவர் பார்த்து சொல்வார், நீ நிறுத்து."

இப்போது சம்பின் வாயில் டர்பைன் இருக்கிறது. பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றை அது நிரப்புகிறது. கரண்ட் போகும்போது படிக்கட்டில் இரண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு நான் லுங்கியோடு சுவிட்ச் அருகில் நிற்கிறேன். வாட்ச்மேன் நாற்காலியில் சாய்ந்து, தன் மனைவி கொடுத்த டீயைக் குடித்தபடி பின்புறக் குழாய்ப் பக்கம் காதை வைத்திருக்கிறார். ஒரு நாள் நான் சற்று முன்னதாகவே சுவிட்ச் பக்கம் கையை நீட்டினேன்.

"இருங்க சார்" என்றார், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் அரை நிமிஷம். அவசரப்பட்டா மாடித் தொட்டி நிரம்பாது."

"அலாகே" என்றேன். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.